ஒன்றாம் எண் கயிறு

செப்டம்பர் 9, திங்கள்

வந்து சேர்ந்தேன். திருவனந்தபுரம், துபாய், லண்டன், அபர்தீன், அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் கார். முப்பத்து நான்கு வருஷம் பூகோளம் நடத்திய எனக்கு ஸ்காட்லாந்து என்பது சுவர்ப்படத்தில் ஒரு விரல்நுனி இடம். பிரம்பால் ஒரு தட்டு தட்டிவிட்டு நார்வேக்குப் போய்விடுவேன்.

இந்த ஊருக்குக் கில்லாரன் என்று பெயர். ஒரு தெரு, ஒரு பாலம், ஒரு முதியோர் இல்லம், மூன்று வேதக்கோவில், அவ்வளவுதான். என் மனைவி ஞானப்பூ அந்த இல்லத்தில் பதினான்கு வருஷம் நர்ஸாக இருந்தாள். போன நவம்பரில் இங்கேயே இறந்து இங்கேயே அடக்கமும் ஆகிவிட்டது. அடக்கத்துக்கு நான் வரவில்லை. விசா வரத் தாமதமாகிவிட்டது.

ஷீனா என்கிற பெண்மணியின் வீட்டு மாடி அறையில் தங்குகிறேன். இல்லத்தை நடத்துகிறவள், ஞானப்பூவின் சிநேகிதி. ஆறு வாரம். அக்டோபர் 22 திரும்பப் போக டிக்கெட் இருக்கிறது.

கதவுக்குப் பின்னால் ஒரு கம்பளிக் கோட்டு தொங்கியது. போட்டுப் பார்க்கச் சொன்னாள். தோளும் கையும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தன. யாருடையது என்று கேட்டேன். "உங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள். இவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரிவதில்லை.

பாஸ்போர்ட்டைப் பெட்டியின் அடியில், வேட்டிகளுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மழை. கல்லறைக்கு நாளை போகலாம்.

செப்டம்பர் 11, புதன்

மழை.

செப்டம்பர் 12, வியாழன்

நல்ல வெயில். ஆனால் துணி துவைக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்றைக்குத் தப்பிக்க வழி இல்லை. கோவிலும் கல்லறைத் தோட்டமும் ஒரே மதில் சுவருக்குள் இருக்கின்றன.

ஆராதனைக்கு வந்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினேழு பேர். முன்னூறு பேர் உட்காரும் கோவில். தொடங்குவதற்கு முன் ஓர் உயரமான கிழவர் பெரிய வேதாகமத்தை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்தார். பிரசங்க பீடத்தின் படியேறி அதை வைத்து, சரியான பக்கத்தைத் திறந்துவிட்டு இறங்கினார். அதன்பிறகுதான் சபைப் போதகரான ஐயர் ஏறினார். ஐயர் உள்ளே போனதும் கிழவர் பீடத்தின் சிறிய கதவைச் சாத்திக் கொக்கி போட்டார். பிரசங்கத்துக்குப் பயந்து ஐயர் ஓடிவிடக் கூடாது என்று போலிருக்கிறது. நம் ஊரில் ஐயர் தப்பித்துப் போனால் சந்தோஷப்படுகிற சபைகள் எனக்குத் தெரியும்.

அந்தக் கிழவர் பெயர் கெடிஸ். எண்பத்து மூன்று வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். மணி அடிப்பது, விளக்குப் போடுவது, குழி வெட்ட இடம் காட்டுவது எல்லாம் அவர்தான். ஆராதனை முடிந்ததும் நேரே என்னிடம் வந்து, "வாங்க, காட்டுதேன்" என்றார். (அவர் பேசியது என்னவோ ஒரு கரடுமுரடான இங்கிலீஷ். அதை நம் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். அவருக்கு அதுதான் பொருந்துகிறது.)

நாலாவது வரிசையில் சாம்பல் நிறக் கல். அவள் பெயர், பிறந்த ஊர், இறந்த தேதி. கீழே பாதிக் கல் வெறுமையாக இருந்தது. எழுத ஒன்றும் கிடைக்கவில்லை போலும் என்று நினைத்தேன். இரண்டு நிமிஷம் நின்றேன். அழுகை வரவில்லை. கிழவர் பக்கத்தில் நின்றதால் இருக்கலாம்.

செப்டம்பர் 18, புதன்

கெடிஸ் வந்து கூட்டிக்கொண்டு போனார். ஊரை முழுக்க எனக்குக் காட்டுவது என்று அவராக முடிவு செய்திருக்கிறார். "ஞானாவுக்கும் நான்தான் காட்டுனேன்" என்றார். ஞானா! கல்யாணமான இந்த முப்பத்து ஆறு வருஷத்தில் நான்கூட அவள் பெயரைச் சுருக்கியதில்லை.

இன்று பழைய கோவில். கூரை கிடையாது, நான்கு சுவர்தான், உள்ளே இடுப்பளவு முட்செடி. வாசல் பக்கச் சுவரில் சங்கிலியோடு ஓர் இரும்பு வளையம். தப்பு செய்தவர்களை ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் அதை மாட்டி, சபை எல்லாம் பார்க்க நிறுத்துவார்களாம். "என்ன தப்புக்கு?" என்று கேட்டேன். "புறணி பேசுனா. பொய் சொன்னா" என்றார். குளிர் அதிகமாக இருந்தது. கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

இந்த வளையத்தைப் பற்றி ஞானப்பூ போனில் சொல்லியிருக்கிறாள். வாரம் ஓர் இடமாகச் சொல்லுவாள். டிவி சத்தத்தைக் குறைக்காமல் ம், ம் என்று கேட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மூன்றாவது கோவிலைப் பார்த்தேன். இப்போது அதில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் சபையில் சண்டை வந்து பாதிப் பேர் எழுந்து போய், பழைய கோவில் மணி தங்கள் காதில் விழாத தூரத்தில் இதைக் கட்டினார்களாம். நம் சாத்தான்குளம் பக்கத்துச் சபைகளுக்கு மட்டும்தான் இந்தத் திறமை உண்டு என்று இத்தனை நாள் பெருமையாக நினைத்திருந்தேன்.

பிறகு கல்லறைத் தோட்டத்து மூலையில் ஒரு கல் அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு கணப்பு, ஒரு பெஞ்சு, கல்லறைகளைப் பார்த்தபடி ஒரு சின்ன ஜன்னல்.

"அந்தக் காலத்துல புதுசாப் பொதைச்ச உடம்பைத் தோண்டி எடுத்து டாக்டர் படிப்புக்கு வித்துருவானுவ. அதனால செத்தவங்க வீட்டு ஆளுக மொறை வச்சு இங்க உக்காந்து காவல் காப்பாங்க. உடம்பு மண்ணோட சேருத வரைக்கும்."

"எத்தனை நாள்?"

"குளிர்காலம்னா ஆறு வாரம்."

ஆறு வாரம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாலாவது வரிசை நன்றாகத் தெரிகிறது.

செப்டம்பர் 29, ஞாயிறு

தங்கச்சி பாக்கியம் போன் செய்தாள். "எண்ணே, சாப்பிட்டியளா? அங்க ரொட்டியத் தின்னுக்கிட்டு எத்தன நாள் கெடப்பிய? கல்லறையப் பாத்தாச்சுல்லா, வந்துர வேண்டியதான?"

"டிக்கெட் இருபத்திரண்டாம் தேதிதானே" என்றேன்.

"மதினி இப்படிப் பண்ணிட்டாவளேன்னுதான் எனக்கு இன்னும் ஆறல. நம்ம அம்மா அப்பா பக்கத்துல எடம் கெடந்துச்சு. அதை வேண்டாம்னுட்டு அந்நிய மண்ணுல கெடக்காவ."

அவள் சொன்னதைத்தான் போன நவம்பரில் நானும் சொன்னேன், இன்னும் பெரிய சத்தத்தில். ஞானப்பூ கையெழுத்துப் போட்டு ஒரு தாள் எழுதி வைத்திருந்தாள். தன்னைக் கில்லாரனில்தான் அடக்கம் செய்ய வேண்டும் என்று. ஷீனா அதைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. இரண்டு வருஷம் என்று போனவள் பதினான்கு வருஷம் இருந்தாள். கடைசியில் உடம்பைக்கூட எனக்குத் தரவில்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது.

அக்டோபர் 3, வியாழன்

கெடிஸ் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். டீயில் எனக்கு ஏலக்காய் தட்டிப் போட்டுக் கொடுத்தார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கவில்லை.

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சிறிய அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார். சவப்பெட்டியின் படம், அதைச் சுற்றி ஒன்று முதல் எட்டு வரை எண்கள். இங்கே ஒரு வழக்கம். பெட்டியைக் குழியில் இறக்குவது குழிவெட்டுகிறவர்கள் வேலை இல்லை. பெட்டியில் எட்டுக் கயிறு கட்டியிருப்பார்கள். நெருங்கியவர்கள் எட்டுப் பேருக்கு முன்னதாகவே அட்டை போய்விடும். குழியருகில் அடக்கம் நடத்துகிறவர் எண்ணையும் பெயரையும் சத்தமாக வாசிப்பார். வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக முன்னால் வந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும். ஒன்றாம் எண் தலைமாட்டுக் கயிறு. அது மிக நெருங்கிய சொந்தத்துக்கு.

அட்டையைத் திருப்பினேன். ஒன்றாம் எண் என்று போட்டு என் பெயர் அச்சாகியிருந்தது.

"அன்னைக்கு உங்க பேரத்தான் மொதல்ல வாசிச்சாங்க. சத்தமே இல்ல. நான் முன்னால போயி, 'அவருக்காக நான் இருக்கேன்'னு சொல்லிப் பிடிச்சேன். தப்பா எடுத்துக்கிடாதீங்க."

நான் வருகைப் பதிவு வாசிக்கும்போது வராத பிள்ளைக்குப் பதிலாகப் பக்கத்துப் பையன் குரல் கொடுப்பான். கண்டுபிடித்தால் மறுநாள் இரண்டு பேரையும் பெஞ்சுமேல் ஏற்றுவேன். அதை அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினார்.

"கை தோலு உரிஞ்சு போச்சு. ரொம்ப ஆழம்லா."

"ஏன் அவ்வளவு ஆழம்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "ரெண்டு பேருக்கான குழி அது. மொதல்ல போறவங்கள அடியில வைப்போம். மேல ஒங்களுக்கு. அதனாலதான கல்லுல பாதியக் காலியா விடச் சொல்லியிருந்தா. ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையை ஆட்டினேன்.

அக்டோபர் 4, வெள்ளி

வெளியே போகவில்லை. ஷீனா சூப் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேனா என்று நினைவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

பாலத்தைத் தாண்டி மேட்டுப் பாதையில் ஒரு தட்டைக் கல் இருக்கிறது. மலைப் பண்ணைகளிலிருந்து பெட்டியைச் சுமந்து வருகிறவர்கள் அதில் இறக்கி வைத்துத் தோள் மாற்றிக்கொள்வார்களாம். நம் ஊர்ச் சுமைதாங்கிதான். கெடிஸுக்கு மூச்சு வாங்கியதால் அதில் உட்கார்ந்தோம். அவர் உதடு நீலமாக இருந்தது. டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். "பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றார்.

பிறகு நான் சொன்னேன்: "விசா வந்துட்டது. அடக்கத்துக்கு எட்டு நாள் முன்னாலேயே வந்துட்டது."

"தெரியும்" என்றார்.

"எப்படி?"

"விசா இல்லாத மனுசன் ஃப்ளைட் நம்பர அனுப்புவானா? ஷீனாவும் நானும் அபர்தீன்ல கடைசி ஃப்ளைட்டு வரைக்கும் நின்னோம். இந்தக் கோட்டையும் கொண்டுபோயிருந்தோம். ஒங்களுக்குன்னு ஞானா வாங்குனது இது. நாலு குளிர்காலமா தொங்குச்சு. என் தோள்ல போட்டுப் பாத்துத்தான் அளவு எடுத்தா."

வருஷா வருஷம், ஒருமுறை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ரிட்டையர் ஆகட்டும் என்றேன். ரிட்டையர் ஆனபிறகு குளிர் எனக்கு ஆகாது என்றேன்.

"ஏன் வரலன்னு கேக்க மாட்டீங்களா?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் யோசிக்கணும். பாவம், எதுக்கு?"

ஆகவே இங்கே எழுதுகிறேன். அன்றைக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் சோதனை வரிசை வரைக்கும் போனேன். எனக்கு முன்னால் ஐந்து பேர்தான் இருந்தார்கள். வரிசையை விட்டு வெளியே வந்தேன். ஒரு சாயா குடித்தேன். பஸ் ஏறி நாகர்கோவில் வந்துவிட்டேன். கோபம்தான் காரணம் என்று எனக்கே நன்றாகச் சொல்லிக்கொண்டேன். கோபம் மட்டும் இல்லை. குழிக்கு முன்னால் நின்றால் அவள் செத்தது உண்மையாகிவிடும் என்று பயந்தேன். அவ்வளவு கோழை நான்.

அக்டோபர் 14, திங்கள்

கெடிஸ் இறந்துவிட்டார். காலையில் பால்காரர் பார்த்திருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். நேற்றுப் பீடத்தில் வேதாகமத்தை வைத்துவிட்டு இறங்கும்போது படியில் ஒரு நிமிஷம் நின்றார். நான் பார்த்தேன். எழுந்து போய்க் கை கொடுத்திருக்கலாம்.

அக்டோபர் 16, புதன்

இங்கே இறந்தவரை உடனே அடக்கம் செய்வதில்லை. தேதி வைத்திருக்கிறார்கள்: அடுத்த வியாழன், 24. என் விமானம் 22.

சாயங்காலம் ஷீனா ஒரு தாளைக் கொண்டுவந்தாள். தன் கயிறு யார் யார் பிடிக்க வேண்டும் என்று கெடிஸ் எழுதி வைத்த பட்டியல். சொந்தம் என்று அவருக்கு யாரும் கிடையாது. ஒன்று முதல் எட்டு வரை மையில் எழுதியிருந்தார். மை பழுப்பாகிவிட்டது. ஒன்றாம் எண்ணில் ஞானா என்று இருந்தது. அதை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் புது மையில், ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து என் முழுப் பெயரை எழுதியிருந்தார்.

"தேதி ஒத்துவராதுன்னு தெரியும். வேற யாரையாவது நிறுத்திக்கிடுதோம். நீங்க மனசக் கஷ்டப்படுத்திக்கிடாதீங்க" என்றாள் ஷீனா.

அவ்வளவு அன்பாக யாரும் என்னை அடித்ததில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

பெட்டியை அடுக்கினேன். பாக்கியத்துக்கு ஒரு கம்பளிச் சால்வை, அவள் பேரனுக்குப் பிஸ்கட்.

தன் தலைமாட்டில் நிற்க அவர் முதலில் தேர்ந்தெடுத்தது என் மனைவியை. ஏலக்காய், அவர் தோளில் போட்டுப் பார்த்த கோட்டு, எல்லாம் வரிசையாக ஞாபகம் வருகிறது. அவர்களுக்குள் என்ன என்று ஷீனாவைக் கேட்டால் சொல்லுவாள். கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை. பதினான்கு வருஷம் அவளுக்குக் குளிருமா என்று ஒரு நாளும் கேட்காதவன் நான்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று வேதாகமத்தை ஐயரே தூக்கிக்கொண்டு வந்தார். பீடத்தின் கதவைச் சாத்த ஆள் இல்லை. பிரசங்கம் முழுவதும் அது ஆடிக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 22, செவ்வாய்

ஷீனா காலையிலேயே கார்ச் சாவியோடு நின்றாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வெறுங்கையோடு இறங்கி வந்தேன்.

"பெட்டி எங்க?"

"மேலதான் இருக்கு. வியாழக்கிழமை முடியட்டும்."

அவள் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு மூக்கைச் சிந்தினாள்.

பாக்கியம் போனில் கத்தினாள். "யாரோ ஒரு கெழவனுக்காவ டிக்கெட்ட விட்டியளா? ஒங்களுக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

"ஆமா" என்றேன். மத்தியானம் ஒரு விமானம் மேகத்துக்குமேல் போகிற சத்தம் கேட்டது. என்னுடையதாக இருக்காது, நேரம் வேறு. இருந்தாலும் சத்தம் அடங்கும்வரை முற்றத்தில் நின்றேன்.

அக்டோபர் 23, புதன்

ஷீனா வீட்டுத் துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்து, தண்ணீர் வாளியில் கட்டி, மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து இறக்கிப் பழகினேன். கையில் சுற்றக் கூடாது, பிடியை மாற்றி மாற்றித்தான் விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். இரண்டு முறை தண்ணீரைக் கொட்டினேன்.

அக்டோபர் 24, வியாழன்

கோவில் நிறைந்திருந்தது. மலைப் பண்ணைகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். உயிரோடு இருக்கும்போது அவர் மணியடித்துக் கூப்பிட்டும் வராதவர்கள்.

குழி ஆறாவது வரிசையில். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டியைக் குழிக்குமேல் கட்டைகளில் வைத்து எட்டுக் கயிற்றையும் பிரித்துப் போட்டார்கள். அடக்கம் நடத்துகிறவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அட்டையைப் பார்த்தார்.

"ஒன்று" என்றார். பிறகு என் பெயரை, தடுக்கித் தடுக்கி, முழுவதுமாக வாசித்தார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று ஷீனா இங்கிலீஷில் சொல்லிக் கொடுத்திருந்தாள். அது மறந்துபோனது. முப்பத்து நான்கு வருஷம் நான் பெயர் வாசிக்க வாசிக்கப் பிள்ளைகள் சொன்ன பதில்தான் வாயில் வந்தது.

"உள்ளேன் ஐயா" என்றேன்.

யாருக்கும் புரிந்திருக்காது. ஆனாலும் அவர் தலையசைத்துவிட்டு இரண்டாம் எண்ணுக்குப் போனார்.

கட்டையை உருவியதும் பாரம் கைக்கு வந்தது. தலைமாட்டுக்குத்தான் எடை அதிகம். பிடியை மாற்றி மாற்றி விட்டேன். ஈரக் கயிறு உள்ளங்கையை உரசிக்கொண்டு போனது. பெட்டி தரையைத் தொட்டது கயிற்றில் தெரிந்தது. பிறகு கயிற்றை உள்ளே போட்டுவிட வேண்டும். மற்ற ஏழு பேரும் போட்டுவிட்டார்கள். எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அப்போது அழுதேன். அவருக்காகவா என்று கேட்டால், அவருக்காகவும்தான்.

எல்லாரும் டீ குடிக்கப் போனபிறகு நாலாவது வரிசைக்குப் போனேன். கல்லின் கீழ்ப்பாதியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அங்கே பெயர் வாசிக்க யாரும் இல்லை. நானாகவே இன்னொரு முறை சொல்லிவிட்டு வந்தேன்.